முட்டாள் விளக்கும் மூலபாடமும்: பழைய காருக்குள் புதிய டாஷ்போர்டு

1

காரின் வெளிப்புறத்தைத் தெரு வாசிக்கிறது. உட்புறத்தை அதில் ஏறியவர்கள் வாசிக்கிறார்கள். டாஷ்போர்டை மட்டும் ஒரே ஒரு ஆள், ஓட்டுகிறவர், வாசிக்கிறார்; அதுவும் முழுசாக இல்லை, சாலையிலிருந்து கண்ணை எடுக்கிற அரை நொடிகளில், துண்டு துண்டாக. ஒரு கார் தன்னைப் பற்றித் தானே பேசுகிற இடம் அது. எவ்வளவு வேகத்தில் போகிறேன், எவ்வளவு சூடாகியிருக்கிறேன், இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சொல்கிறது. சொல்லாமல் விடுவதும் நிறைய. எதைச் சொல்வது எதை விடுவது என்று தீர்மானித்தவர் யார் என்கிற கேள்வியை, எந்தப் பிரதியிடமும் கேட்பது போல, இதனிடமும் கேட்கலாம்.

1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை டெட்ராய்ட் கம்பெனிகள், நடுத்தர உடம்புக்குள் பெரிய வி-8 எஞ்சினைத் திணித்து விற்ற கார்களுக்கு 'மஸில் கார்' என்று பெயர். இன்று அவற்றை வைத்திருக்கும் அமெரிக்கர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஒரு கட்சி, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தது எதுவோ அதுதான் கார் என்கிறது. எஞ்சின் மேல் அடித்த எண்ணும் உடம்பின் எண்ணும் ஒத்துப் போக வேண்டும். ஸ்க்ரூவின் தலைகூட அந்தக் காலத்துத் தலையாக இருக்க வேண்டும். மற்றக் கட்சி, வெளித்தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றுகிறது. மீட்பு, மாற்றம் என்கிற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து அதற்கு 'ரெஸ்டோமாட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எஞ்சினை, பிரேக்கை, சஸ்பென்ஷனை மாற்றினால் முதல் கட்சி முணுமுணுத்துவிட்டு விட்டுவிடும். டாஷ்போர்டைப் பிடுங்கிப் புதிய காரின் டாஷ்போர்டை வைத்தால்தான் அதற்கு ரத்தம் கொதிக்கிறது.

கார் ஓட்டத் தெரியாத ஒரு தமிழ் எம்.ஏ.காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அவர்கள் சண்டை போடுகிற வார்த்தைகள் எல்லாம் எங்கள் வகுப்பறை வார்த்தைகள் என்பதுதான் வேலை. மூலம், பாடபேதம், இடைச்செருகல், 'ஆசிரியர் கருத்து இதுவன்று'. ஓலைச்சுவடியை வைத்து நாம் நூறு வருஷத்துக்கு மேலாகப் போட்டுக்கொண்டிருக்கிற சண்டையை அவர்கள் தகரத்தை வைத்துப் போடுகிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம்: நம் பிரதியில் இடைச்செருகல் இருந்தால் யாரும் சாவதில்லை.

2

முதலில் அந்த 'மூலம்' எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். டாஷ்போர்டு என்கிற சொல்லே குதிரை வண்டியிலிருந்து வந்தது. குதிரையின் குளம்பு வாரியடிக்கிற சேறும் கல்லும் வண்டியில் இருப்பவர் மேல் படாமல் இருக்க முன்னால் நிறுத்திய பலகை அது. மறைப்பதற்காக வந்த பலகைதான் பிற்பாடு காட்டுவதற்கான பலகையானது. பெயரில் இன்னும் சேறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறைக்கிற குணமும் போய்விடவில்லை.

மஸில் கார் சரித்திரத்தை வழக்கமாக 1964இன் பான்டியாக் ஜிடிஓவிலிருந்து தொடங்குவார்கள். 389 கன அங்குல எஞ்சின், 325 குதிரைத்திறன். இவ்வளவு முரட்டு எஞ்சினை ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டிய முக்கியமான சங்கதி அது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. அதைக் காட்டும் டேக்கோமீட்டருக்குத் தனிக்காசு. அதே பான்டியாக் 1967இலிருந்து டேக்கோமீட்டரைக் காருக்கு வெளியே, பானெட்டின் மேலேயே வைத்து விற்றது. மழையில் நனைந்துகொண்டு, கண்ணாடிக்கு அப்பால். 1969 செவர்லே கமாரோவில் எண்ணெய் அழுத்தம், வெப்பம் முதலியவற்றைக் காட்டும் நான்கு சின்ன மீட்டர்கள், அவையும் தனிக்காசுக்கு, கியர் கம்பிக்கு முன்னால் தாழ்வாக, முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தன. அதைப் பார்க்கக் குனிய வேண்டும். குனிந்தால் சாலை போயிற்று. (கறாரான வகைப்பாட்டில் கமாரோ 'போனி கார்'. பெரிய எஞ்சின் போட்ட கமாரோவை மஸில் கார் கணக்கில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டதால் நானும் சேர்க்கிறேன்.)

தனிக்காசு தராதவருக்கு என்ன கிடைத்தது? விளக்கு. எண்ணெய் அழுத்தம் விழுந்தால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எவ்வளவு விழுந்தது, எப்போதிலிருந்து விழுகிறது, ஒன்றும் தெரியாது. விளக்கு எரியும்போது பெரும்பாலும் எஞ்சின் கதை முடிந்திருக்கும். அமெரிக்க ஓட்டுநர்கள் அதற்கு 'முட்டாள் விளக்கு' என்று பெயர் வைத்தார்கள். முட்டாள் என்பது விளக்கை அல்ல. யாருக்காக அது வைக்கப்பட்டதோ அவரை. உனக்கு இவ்வளவு தெரிந்தால் போதும் என்று பொருள் வாங்குகிறவரைப் பார்த்துப் பொருள் சொல்கிறது. அதிகாரத்துக்கும் அறிவுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், ஒரு சிவப்பு பல்பு அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடுவதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்பீடாமீட்டர் மட்டும் வேறு மாதிரி. பழைய ஸ்பீடாமீட்டருக்குக் கியர்பாக்ஸின் வாலிலிருந்து ஒரு கேபிள் உறைக்குள் சுழன்றபடி வருகிறது. நுனியில் ஒரு காந்தம். காந்தத்தைத் தொடாமல் அதைச் சூழ்ந்து ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல்மின்னோட்டம் பிறந்து, கிண்ணம் காந்தத்தின் பின்னால் இழுபடுகிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் போகவிடாமல் பிடிக்கிறது. இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். பியர்ஸ் குறிகளைப் பிரித்தபோது, புகைக்கும் நெருப்புக்கும் உள்ளதைப் போலப் பொருளோடு உடல்ரீதியாகக் கட்டுண்ட குறியைத் தனி வகையாக வைத்தார். அதைச் 'சுட்டுக்குறி' என்று வைத்துக்கொள்வோம். பழைய முள் சுட்டுக்குறி. சக்கரம் சுற்றினால் முள் அசைந்தே தீரும். கேபிள் காய்ந்துபோனால் முள் நடுங்கும். அந்த நடுக்கமும் காரின் உடம்பைப் பற்றிய ஒரு சேதிதான்.

புதிய டாஷ்போர்டில் முள் இருந்தாலும் அது இந்த முள் இல்லை. கியர்பாக்ஸில் உள்ள ஓர் உணரி துடிப்புகளை அனுப்புகிறது, கணினி அதை எண்ணுகிறது, எண்ணியதைச் செய்தியாக்கி இன்னொரு கணினிக்கு அனுப்புகிறது, அது ஒரு சின்ன மோட்டாரைத் திருப்பி முள்ளை நகர்த்துகிறது. இங்கே முள் என்பது ஒரு வேஷம். சுட்டுக்குறி போய் மொழி வந்துவிட்டது. மொழி வந்த இடத்தில் பொய்யும் சாத்தியமாகிவிடுகிறது. இதற்குத் திரும்பி வருவேன்.

3

மூலவாதிகள் 1969 கமாரோவின் டாஷ்போர்டை வடிவமைப்பாளர் மேசையிலிருந்து நேராக இறங்கிய அசல் படைப்பாகப் பேசுகிறார்கள். அது அப்படி இல்லை. அதன் மேல்விளிம்பில் ஓடுகிற மெத்தைப் பட்டையை யார் எழுதினார்கள் என்று கேட்டால், செத்தவர்கள் எழுதினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய கார்களில் டாஷ்போர்டு பெரும்பாலும் வெறும் இரும்புத் தகடு. அதில் குரோமியம் பூசிய குமிழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கார் ஒன்றில் மோதி நிற்கும். உள்ளே இருப்பவர் நிற்க மாட்டார், அதே வேகத்தில் போய் இந்தத் தகட்டில் மோதுவார். டெட்ராய்ட்டில் ஒட்டறுவை செய்துவந்த கிளேர் ஸ்ட்ரெய்த் என்கிற மருத்துவர், முன்னிருக்கைப் பயணிகளின் கிழிந்த முகங்களைத் தைத்துத் தைத்து, குமிழ்களை உள்ளே தள்ளுங்கள், தகட்டுக்கு மெத்தை போடுங்கள் என்று 1930களிலேயே கார்க் கம்பெனிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதே ஊர். கார் செய்கிறவர்களுக்கும் முகம் தைக்கிறவருக்கும் சில மைல் தூரம்தான். 1956இல் ஃபோர்டு மெத்தை வைத்த டாஷ்போர்டை விற்றது, அதுவும் தனிக்காசுக்கு. டேக்கோமீட்டரைப் போலவே முகமும் விருப்பத் தேர்வு.

1965இல் ரால்ஃப் நேடர் தம் புத்தகத்தில் இதற்கு 'இரண்டாம் மோதல்' என்கிற பெயரில் ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். முதல் மோதல் காருக்கும் வெளிப்பொருளுக்கும். இரண்டாவது உடம்புக்கும் காருக்கும். ஓட்டுகிறவர்தான் விபத்துக்குக் காரணம் என்கிற அதுவரையிலான கதையாடலை இந்த ஒரு சொல் உடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அவருக்குப் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பி, அது வெளிப்பட்டு, 1966 மார்ச்சில் அதன் தலைவர் செனட் குழுவுக்கு முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்த வருஷம் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் 50,000 பேருக்கு மேல் செத்தார்கள். 1966 செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த 201ஆம் எண் விதி டாஷ்போர்டைப் பற்றியது. அதன் வாசகம் எந்தக் கவிதையைவிடவும் அப்பட்டமானது: மனிதத் தலை அளவுக்கு, சுமார் 6.8 கிலோ எடையில் ஒரு தலை வடிவம். அதை மணிக்கு 15 மைல் வேகத்தில் டாஷ்போர்டின் மேல் மோதவிட வேண்டும். 80 ஜிக்கு மேற்பட்ட வேகக்குறைவு தொடர்ந்து 3 மில்லிசெகண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது.

ஆக, 1969இன் டாஷ்போர்டு ஏற்கெனவே திருத்தப்பட்ட பதிப்பு. வடிவமைப்பாளர், கணக்குப்பிள்ளை, செனட் குழு, பிணவறை எல்லோருமாகச் சேர்ந்து எழுதிய கூட்டுப் பிரதி. அதற்கு முன்னால் போய் 'தூய மூலம்' தேடினால் கிடைப்பது மெத்தையில்லாத தகடு. அதற்கும் முன்னால் சேற்றுப்பலகை. அதற்காக, மூலம் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் பிரதியின் விளையாட்டு, யார் எதை வேண்டுமானாலும் செருகலாம் என்று நம்மில் சிலர் உடனே கையைத் தட்டிவிடுவார்கள். அதையும் நான் ஒப்பவில்லை. மூலம் தூயதல்ல என்பது ஒன்று. அதில் எழுதியிருப்பதை வாசிக்காமலே அறுத்துப் போடலாம் என்பது வேறொன்று.

4

இப்போது அறுவைக்கு வருவோம். இதைச் செய்பவர்கள் எடுத்துவைத்திருக்கும் படங்களையும் காணொளிகளையும் வரிசையாகப் பார்த்து நான் புரிந்துகொண்டது இது.

முதல் தலைமுறைக் கமாரோவில் டாஷ்போர்டு என்பது கழற்றி மாட்டுகிற பொருள் அல்ல. அதன் இரும்புச் சட்டகம் முன்கண்ணாடியின் அடியோடும் இரண்டு பக்கத் தூண்களோடும் வெல்டிங் செய்யப்பட்ட, உடம்பின் பாகம். புதிய காரில் அப்படி இல்லை: குறுக்கே ஓர் உலோகச் சட்டம், டாஷ்போர்டு, ஸ்டியரிங் தண்டு, ஏர்பேக் எல்லாம் அதில் தொங்குகின்றன. ஆகவே பழையதை அறுக்க வேண்டும். புதியது அகலம் பொருந்தாது. அதையும் அறுக்க வேண்டும். ஹீட்டர் பெட்டி இடிக்கும், வைப்பர் இடிக்கும், கண்ணாடியின் சரிவு வேறு. வாரக்கணக்கில் ஃபைபரும் பட்டியும் போட்டுத் தேய்த்து மூட்டு தெரியாமல் ஆக்குகிறார்கள். கைத்திறன் அபாரம், அதைக் குறைத்துப் பேசவில்லை.

அறுக்கும்போது முதலில் எதிர்ப்படுவது ஒரு பெயர். ஜெனரல் மோட்டார்ஸ் 1968 மாடலிலிருந்து காரின் அடையாள எண்ணைப் பொறித்த சிறு தகட்டை டாஷ்போர்டின் மேலே, ஓட்டுகிறவர் பக்கம், கண்ணாடி வழியாக வெளியிலிருந்து படிக்கும்படி அறைந்தது. திருட்டைத் தடுக்கிற ஏற்பாடு. அதை அகற்றுவதும் அழிப்பதும் 1984 முதல் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். பழுதுவேலைக்கு அவசியமானால் விதிவிலக்கு உண்டு. அதாவது டாஷ்போர்டில் தெரு வாசிக்கிற ஒரு வரியும் இருக்கிறது. அது காரின் பெயர். எல்லாவற்றையும் அறுத்தெறிகிற ஆள்கூட அந்த இரண்டு விரல் தகட்டுக்கு முன்னால் கத்தியை நிறுத்த வேண்டியிருக்கிறது. மூலம் என்பது மாயை என்கிற கோட்பாட்டாளரும் அங்கே கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

இரண்டாவது எதிர்ப்படுவது மௌனம். புதிய டாஷ்போர்டு மற்றக் கணினிகளோடு ஒரு மொழியில் பேசுகிறது; 2008 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் 'கேன்' என்கிற தகவல்தடம் உண்டு. கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சினுக்கு அந்த மொழி தெரியாது. பேசாத எஞ்சினுக்கு முன்னால் புதிய டாஷ்போர்டு இருண்டு கிடக்கும். ஆகவே எஞ்சினையும் மாற்ற வேண்டும், அதன் கணினியையும் கொண்டுவர வேண்டும், கியர்பாக்ஸையும். முகத்தை மாற்றப் போனவர் குடலையும் மாற்றிக்கொண்டு வருகிறார். ஒரு குறிப்பான் இன்னொரு குறிப்பானைத்தான் கூப்பிடும் என்று நாம் கோட்பாடாகப் படித்ததை ஒரு மெக்கானிக் ரசீதாகப் படிக்கிறார்.

மூன்றாவதாக வருவதுதான் எனக்கு முக்கியம். எஞ்சின் பேசத் தொடங்கியதும் டாஷ்போர்டு விழிக்கிறது; விழித்ததும் தன் உறுப்புகளைத் தேடுகிறது. பூட்டாத பிரேக் எங்கே, அந்த விளக்கு எரிகிறது. ஏர்பேக் எங்கே, அந்த விளக்கும் எரிகிறது. வெட்டிய காலில் வலி தெரியும் என்பார்களே, அது போல, இல்லாத உறுப்புக்காக எரிகிற விளக்கு. அது முட்டாள் விளக்கு அல்ல, அங்கே இருப்பதிலேயே அறிவாளி அதுதான். இந்த உடம்பு நான் பிறந்த உடம்பு இல்லை என்று அது சொல்கிறது.

அதை அணைத்துவிடுகிறார்கள். பல்பைப் பிடுங்கலாம், நிரலைத் திருத்தலாம், ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் அதே மின்தடையுள்ள ஒரு ரெசிஸ்டரை வைத்தால், கணினி அதை ஏர்பேக் என்று நம்பிவிடும். பொய் சாத்தியமாகிறது என்று மேலே சொன்னேனே, அது இதுதான். பழைய முள்ளிடம் இப்படிப் பொய் சொல்லவைக்க முடியாது.

ஏர்பேக்கை அப்படியே பழைய காருக்குக் கொண்டுவந்துவிட முடியாது. குறிப்பிட்ட ஓர் உடம்பு எப்படி நசுங்கும் என்று மோதிப் பார்த்துப் பார்த்து, எந்த மில்லிசெகண்டில் வெடிக்க வேண்டும் என்று கணித்து அமைத்த பொருள் அது. 1969இன் உடம்பு நசுங்குகிற விதம் வேறு. வேண்டாத நேரத்தில் வெடித்தால் அதுவே ஆளைக் கொல்லும். ஆகவே பொறுப்புள்ளவர்கள் ஏர்பேக்கை எடுத்துவிடுகிறார்கள். சரியான காரியம். ஆனால் மூடியை எடுப்பதில்லை. எடுத்தால் ஓட்டை. அந்த மூடியில், பயணியின் மார்புக்கு நேராக, பிளாஸ்டிக்கில் புடைத்த எழுத்தில் 'ஏர்பேக்' என்று எழுதியிருக்கிறது. 1998 மாடல் ஆண்டிலிருந்து அமெரிக்கக் கார்களில் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். ஆகவே அந்த எழுத்துக்கு அந்த நாட்டில் ஒரு சத்தியத்தின் மதிப்பு உண்டு. இங்கே எழுத்து இருக்கிறது, பின்னால் வெறும் குழி.

குறிப்பீடு இல்லாத குறிப்பான் என்று எத்தனை கட்டுரைகளில் எழுதியிருப்போம். எழுதும்போது ஒரு போதைகூட இருந்தது. இதோ அது, ஓர் ஆளின் மார்புக்கு நேராக. ஓட்டுகிறவருக்குத் தெரியும், அது பொய் என்று, செய்தவரே அவர். பக்கத்தில் உட்கார்கிறவருக்குத் தெரியாது. ஸ்ட்ரெய்த் தைத்த முகங்களும் அந்தப் பக்கத்து இருக்கைக்காரர்களின் முகங்கள்தான்.

5

எந்தக் காரின் டாஷ்போர்டை எடுத்துவைக்கிறார்கள் என்பதிலும் ஒரு கதை உண்டு. சிலர் 1969 கமாரோவுக்குள் 2010 கமாரோவின் டாஷ்போர்டை விரும்புகிறார்கள். 2002 மாடலோடு நின்றுபோன கமாரோவை ஜெனரல் மோட்டார்ஸ் 2009இல் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே வருஷம் ஜூன் 1ஆம் தேதி கம்பெனி திவால் மனு கொடுத்தது. திவாலாகிற கம்பெனி தன் இளமைக்காலப் புகைப்படத்தை எடுத்துக் காட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். புதிய காரின் தோற்றம் முழுக்க 1969இன் மேற்கோள். டாஷ்போர்டிலும் மேற்கோள்: சதுரக் கூட்டுக்குள் மீட்டர்கள், கியர் கம்பிக்கு முன்னால் தாழ்வாக, தனிக்காசுக்கு, அதே நான்கு சின்ன மீட்டர்கள். 1969இல் குனிந்து பார்க்க வேண்டியிருந்த அசௌகரியம் 2010இல் 'பாரம்பரியம்' ஆகிவிட்டது.

இப்போது அந்த மேற்கோளைப் பெயர்த்தெடுத்து, அது எதை மேற்கோள் காட்டியதோ அந்த மூலத்துக்குள் வைக்கிறார்கள். அதற்கு இடம் பண்ணுவதற்காக மூலத்தை அறுத்தெறிகிறார்கள். போத்ரியார் 1968இல் பொருள்களின் அமைப்பைப் பற்றி எழுதியபோது, பழம்பொருள் ஒருவித தோற்றக்கதையாக, பிறப்பின் ஏக்கமாக வேலைசெய்வதைப் பேசினார். இங்கே ஏக்கம் இன்னும் ஒரு படி போகிறது: பிறப்பைவிடப் பிறப்பின் ஞாபகம் வசதியாக இருக்கிறது. அதில் குளிர்சாதனம் இருக்கிறது, திசைகாட்டும் திரை இருக்கிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வியாபாரம் நடக்கிறது. தெற்கு டகோட்டாவில் டகோட்டா டிஜிட்டல் என்கிற நிறுவனம் பழைய குழிகளில் அப்படியே உட்காருகிற மீட்டர்களைச் செய்கிறது. அதன் ஒரு வரிசை, சாவி திருப்பும்வரை தொழிற்சாலை மீட்டர் மாதிரியே இருக்கும். திருப்பினால் உள்ளே இருப்பது நவீன மின்னணு. இரும்பை அறுக்க வேண்டியதில்லை, பெயர்த்தகட்டைத் தொட வேண்டியதில்லை, பழையதைத் திரும்ப மாட்டவும் முடியும். இதையும் மூலவாதிகள் திட்டுகிறார்கள். இங்கே நான் அவர்களோடு இல்லை. அக்காலத்துக் கிரைஸ்லர் கார்களில் அம்மீட்டர் வழியாகக் காரின் மின்னேற்ற ஓட்டம் முழுவதும் டாஷ்போர்டுக்குள் வந்து திரும்பும். வருஷம் ஆக ஆக இணைப்புகள் தளர்ந்து, சூடேறி, உருகுகின்றன. அதை எடுத்துவிட்டு வோல்ட்மீட்டர் வைப்பது இடைச்செருகல் அல்ல, பிழைதிருத்தம். நெருப்புப் பிடிக்கிற பாடத்தை 'அசல் பாடம்' என்பதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்கிற பக்தி எனக்கு இல்லை.

புதிய டாஷ்போர்டுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அது ஓட்டுகிறவரையும் வாசிக்கிறது. ஓட்டுநர்களின் ஓட்டும் விதத்தைச் சேகரித்து விற்றதாக 2024 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலம் ஜெனரல் மோட்டார்ஸ் மேல் வழக்குப் போட்டது. பழைய காருக்குள் வைக்கப்படுகிற டாஷ்போர்டுக்குப் பெரும்பாலும் அந்த வெளித்தொடர்பு அறுபட்டிருக்கும். அறுபட்ட அந்த நிலையில் மட்டும், இந்த ஒட்டுக்கார் ஒரு சுதந்திரத்தைத் தற்செயலாக அடைகிறது. மாற்றுகிறவர்கள் தங்கள் தரப்புக்கு இதை ஒரு நியாயமாகச் சொல்லலாம்; எனக்குத் தெரிந்து யாரும் சொல்வதில்லை.

இரண்டு கட்சியும் சேர்ந்து மறப்பது ஒன்று உண்டு. 1969 கமாரோவை ஓஹையோவின் நார்வுட்டிலும் கலிபோர்னியாவின் வான் நைஸிலும் தொழிலாளர்கள் கட்டினார்கள். நார்வுட் ஆலை 1987இல் மூடப்பட்டது. வான் நைஸ் 1992இல். கமாரோ உற்பத்தியே 2023 டிசம்பரில் முடிந்தது. இப்போது 1969 கமாரோவின் முழு உடம்பையே தைவானில் புதிதாக அடித்துத் தருகிறார்கள். 'தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே' என்று ஒருவர் நெஞ்சில் அடித்துக்கொள்கிறபோது எந்தத் தொழிற்சாலை, யாருடைய கை என்கிற கேள்விக்கு அங்கே இடமில்லை. மூலம் காப்பாற்றப்படுகிறது; மூலத்தைச் செய்தவர்கள் இல்லை. நம் சுவடிகளிலும் எழுதியவர் பெயர் தெரியாத ஏடுகள்தானே அதிகம்.

6

அப்படியானால் என்னதான் செய்வது? மாற்றலாமா கூடாதா என்று கேட்டால் மாற்றலாம் என்பேன். நான் கேட்பது, மாற்றியது தெரிகிறதா என்பது.

இந்த விஷயத்தில் கோட்பாட்டாளர்களைவிட அமெரிக்கச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1960களின் காரில் தூரம் காட்டும் ஓடோமீட்டருக்கு முழு மைல்களுக்கு ஐந்து இலக்கம்தான். 99,999க்கு அப்புறம் பூஜ்யம். ஒரு லட்சம் மைல் ஓடிய கார் புதுப்பெண் மாதிரி நிற்கும். அந்த மறதியை வைத்தும், எண்களைப் பின்னுக்குச் சுற்றியும் ஏமாற்றியவர்கள் ஏராளம். 1972இல் அதற்கு மத்தியச் சட்டம் வந்தது. ஓடோமீட்டரை மாற்றும்போது பழைய எண்ணைப் புதியதில் கொண்டுவர முடியாவிட்டால், பூஜ்யத்தில் வைத்துவிட்டு, மாற்றுவதற்கு முன் எத்தனை மைல், எந்தத் தேதியில் மாற்றியது என்று எழுதி இடது கதவின் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்கிறது அது.

இது ஓர் அடிக்குறிப்பு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்ததற்குப் பின்னான நூறாண்டுகளில் நல்ல பதிப்பாசிரியர்கள் செய்த காரியம் இதுதான். தாம் ஏற்ற பாடத்தை மேலே போட்டுவிட்டு, ஏற்காத பாடங்களைக் கீழே சின்ன எழுத்தில் குறித்தார்கள். நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன், தேர்ந்தெடுத்தது நான், நீ வேறு மாதிரி படிக்க விரும்பினால் இதோ என்று வாசகர் கையில் கொடுத்தார்கள். மோசமான பதிப்பாசிரியர் திருத்துவதால் மோசமாவதில்லை. திருத்திய தடத்தை அழிப்பதால்தான் மோசமாகிறார்.

மூட்டு தெரியாமல் தேய்த்து மெருகேற்றிய ரெஸ்டோமாட்டைப் பார்த்து எல்லோரும் 'தொழிற்சாலையிலிருந்தே இப்படி வந்த மாதிரி இருக்கிறதே' என்று பாராட்டுகிறார்கள். அந்த வட்டாரத்தில் இதைவிட உயர்ந்த பாராட்டு கிடையாது. எனக்கு அதுதான் குறையாகப் படுகிறது. 1969க்கும் 2010க்கும் நடுவில் 41 வருஷம். ஒரு சட்டம், எத்தனையோ சாவுகள், மூடிய இரண்டு ஆலைகள். அவ்வளவையும் பட்டி போட்டுத் தேய்த்து ஒரே பரப்பாக்கிவிட்டால் அது சரித்திரத்தை மறைக்கிற பலகை; பழைய சேற்றுப்பலகைதான். தைத்த தையல் தெரிகிற டாஷ்போர்டு ஒன்றைப் பார்க்க எனக்கு ஆசை: இங்கே பழையது முடிகிறது, இங்கே புதியது தொடங்குகிறது என்று ஒரு கோடு.

மூலவாதிகள் தங்கள் கண்காட்சிக் காரின் பக்கத்தில் எஞ்சின் எண், பெயின்ட் எண், எத்தனை காரில் இது எத்தனையாவது என்றெல்லாம் அட்டை எழுதி வைக்கிறார்கள். அந்த மெத்தைப் பட்டை ஏன் அங்கே இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதலாம். மாற்றுகிறவர்களிடம் கேட்பது இன்னும் சின்ன காரியம். உங்கள் கார், உங்கள் காசு; எதை வேண்டுமானாலும் அறுங்கள். கதவுச் சட்டத்தில் அந்தக் குறிப்பை மட்டும் ஒழுங்காக ஒட்டுங்கள். அப்புறம், பக்கத்து இருக்கைக்கு நேரே புடைத்திருக்கிற அந்த 'ஏர்பேக்' என்கிற எழுத்தை ஒரு உப்புத்தாளை எடுத்துத் தேய்த்து அழித்துவிடுங்கள். பத்து நிமிஷ வேலை.